தேய்வும் திசையும்: யாழ்ப்பாணக் குடாநாட்டு இயந்திரப் படகுகளின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழரின் சமூக வரலாற்றை ஆராய்ந்தோர் நிலத்துக்கு அளித்த இடத்தைக் கடலுக்கு அளிக்கவில்லை என்பது பலரும் அறிந்ததே. நிலவுடைமை, அடிமை குடிமை முறை, புகையிலைச் செய்கை, பணவனுப்புப் பொருளாதாரம் ஆகியன பற்றி ஓரளவு விரிவான ஆய்வுகள் உள்ளன. கடற்றொழில் பற்றி எழுதப்பட்டவை சிலவே. அச்சிலவும் பெரும்பாலும் இரு வகைக்குள் அடங்குவன. ஒன்று, கடலோர மக்களின் வழக்காறுகளைத் தொகுக்கும் நாட்டாரியல் முயற்சி. மற்றொன்று, 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய இயந்திரமயமாக்கத்தைப் படகுத் தொகையாலும் பிடிபட்ட மீனின் நிறையாலும் அளந்து காட்டும் அபிவிருத்தி எழுத்து. இவ்விரண்டாவது வகையில் இயந்திரம் எப்போதும் புதிதாகவே இருக்கிறது. அது கரைக்கு வந்து இறங்கும் நாளோடு கதை முடிந்துவிடுகிறது. அவ்வியந்திரம் பத்து ஆண்டுகள் உப்பு நீரில் ஓடித் தேய்ந்தபின் அதனைப் பிடித்துக்கொண்டு கடலுக்குப் போனவன் யார், அத்தேய்வின் விலையைச் செலுத்தியவன் யார் என்ற வினாக்கள் எழுப்பப்படவில்லை. இக்கட்டுரையில் நாம் அவ்வினாக்களையே எடுத்துக்கொள்கிறோம். பொறியியல் சார்ந்த செய்திகள் சிலவற்றை ஆங்காங்கே விளக்க வேண்டியிருக்கும். அவற்றைத் தவிர்த்துவிட்டு இத்தொழிலின் வர்க்க உறவுகளைப் பேச முற்படுவது, கலப்பையையும் நீரிறைப்பையும் அறியாது விவசாயி பற்றிப் பேசுவதை ஒத்ததாகும்.

பாய்மரக் காலத்தைச் சுருக்கமாக நோக்குவோம். கட்டுமரம், வள்ளம், வத்தை, தோணி ஆகியவற்றில் தேயக்கூடியன மரமும் கயிறும் பாயுமே. அவற்றை ஆக்கும் அறிவும் திருத்தும் அறிவும் ஒரே கரையில், பெரும்பாலும் ஒரே ஊரில், இருந்தன. வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு 1938இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த செய்தியை நம்மவர் பெருமையோடு சொல்லிக்கொள்வர். அப்பெருமையில் தவறில்லை. ஆயினும், கப்பல் அத்துணைத் தூரம் போனதைவிட, அதன் எந்த உறுப்புப் பழுதுபட்டாலும் அதனைக் கட்டிய கைகளால் மீண்டும் ஆக்க முடிந்தது என்பதே நமது பொருளுக்கு முக்கியமானது. இதனால் பாய்மரக் காலம் பொற்காலம் என்று ஆகிவிடாது. சம்மாட்டியின் கடனில் அகப்பட்டு அடுத்த பருவத்துக்கும் அவனுக்கே உழைக்கக் கட்டுண்ட தொழிலாளரைக் கொண்ட காலம் அது. காற்றுக்கு அடங்கிய கடற்பயணம் உயிர்களையும் கொண்டது. ஆனால், அக்காலத்தில் கருவி பழுதடைவதும் அது சீர்செய்யப்படுவதும் ஒரே சமூகத்தின் கைக்குள் நிகழ்ந்தன.

1958ஆம் ஆண்டளவில் அரசு தொடங்கிய இயந்திரமயமாக்கத் திட்டம் இவ்வமைப்பை உடைத்தது. டீசல் இயந்திரத்தை உள்ளே பொருத்திய, ஏறக்குறைய 28 அடி நீளமுடைய, மக்கள் வழக்கில் 'மூன்றரைத் தொன் படகு' எனப்பட்ட படகுகள் கடன் முறையில் வழங்கப்பட்டன. மரபுவழி வள்ளங்களின் பிற்பக்கத்தில் மாட்டத்தக்க வெளியிணைப்பு இயந்திரங்களும் வந்தன. 1960களின் பிற்பகுதியில் நோர்வேயின் மதுவிலக்கு இளைஞர் இயக்கத்தின் ஆதரவோடு காரைநகரில் உருவான சீநோர் நிறுவனம் இப்போக்கை மேலும் விரைவுபடுத்திற்று. இதற்கு முன்னரே 1952இல் செய்யப்பட்ட ஓர் உடன்படிக்கையின் கீழ்க் கேரளத்தின் நீண்டகரையில் நோர்வே தன் முதலாவது பெரிய மீன்பிடி உதவித் திட்டத்தை நடத்தியிருந்தது என்பதையும் மனங்கொளல் வேண்டும். காரைநகர் முயற்சிக்கு ஒரு சிறப்புண்டு. கண்ணாடியிழைப் படகின் உடலை அங்கேயே வார்த்தார்கள். படகின் உடல் மீண்டும் குடாநாட்டுக் கைகளுக்கு வந்தது. ஆனால், அதனை ஓட்டும் உறுப்புகள் வரவில்லை. விசிறி, தண்டு, பற்சில்லு, புஷ் ஆகிய அனைத்தும் யப்பானிலிருந்தோ மேற்கு நாடுகளிலிருந்தோ கொழும்பு வழியாகவே வந்தாகவேண்டும். உடல் இங்கே, உந்துறுப்பு அங்கே என்ற இப்பிளவு பின்வந்த வரலாறு முழுவதையும் பாதித்தது.

இனி அவ்வுறுப்புகள் தேயும்போது படகுக்கு நேர்வதைக் காண்போம். ஏறக்குறைய 18 அடி நீளமுடைய கண்ணாடியிழைப் படகில் தனியான சுக்கான் இல்லை. பிற்பக்கப் பலகையில் மாட்டப்பட்ட இயந்திரத்தையே கைப்பிடியால் இடமும் வலமும் திருப்புகிறார்கள். விசிறி நீரைத் தள்ளும் திசை மாற, படகின் முகமும் மாறுகிறது. ஆகவே, இவ்வகைப் படகில் உந்துவிசையே சுக்கான். பாய்க்கப்பலில் காற்று விழுந்தாலும் கப்பலுக்கு ஓட்டம் இருக்கும்வரை சுக்கான் வேலை செய்யும். இங்கோ உந்துவிசை நின்ற கணத்திலேயே திசையும் கையை விட்டுப் போய்விடுகிறது. நீரினுள் தொங்கும் இயந்திரக் கால் பெயரளவுக்கே சுக்கானாக மிஞ்சுகிறது.

தேய்வு எவ்வாறு தொடங்குகிறது? நிமிடத்துக்கு 5,000 சுற்று அளவில் ஓடக்கூடிய இயந்திரத்தின் வேகம் அடிப்பகுதியிலுள்ள பற்சில்லுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து விசிறியை அடைகிறது. விசிறியின் நடுக்குழலுக்கும் தண்டுக்குமிடையே றப்பர் புஷ் ஒன்று இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். விசிறி கல்லில் மோதினால் பற்சில்லு உடையாதவாறு அதிர்ச்சியைத் தாங்கி வழுக்குவதே அதன் கடமை. பழைய சிறிய இயந்திரங்களில் இக்கடமையை மெல்லிய ஆணி ஒன்று ஆற்றிற்று. மோதினால் ஆணி முறியும், வேறோர் ஆணியைச் செருகலாம். றப்பர் அப்படியன்று. அது பல ஆண்டுகளில் இறுகி, வெடித்து, பிடிப்பை இழக்கிறது. இதில் கவனிக்கவேண்டிய கொடுமை ஒன்றுண்டு. பிடிப்பிழந்த புஷ் குறைந்த வேகத்தில் ஒழுங்காகவே வேலை செய்யும். கரையோரத்தில் ஓட்டிப் பார்க்கும்போது குறை தெரியாது. பாரமேற்றிய படகை அலைக்கு எதிராக முழு வேகத்தில் செலுத்தும்போதே அது வழுக்கத் தொடங்கும். இயந்திரம் அலறும், விசிறி சோம்பும், படகு நிற்கும். அதாவது, உந்துவிசை மிக வேண்டப்படும் இடத்திலேயே அது இல்லாது போகிறது. முன்செல்லும் பற்சில்லின் கொளுவிகள் விளிம்பு மழுங்கிய நிலையும் இதனை ஒத்ததே. சுமை கூடியவுடன் கியர் தானே கழன்று விழும்.

இவை உந்துவிசை அறுதல் தொடர்பானவை. ஆடிக்கொண்டு ஓடுதல் என்பது வேறு. இயந்திரம் திரும்பும் அச்சிலுள்ள புஷ்கள் தேயும்போது, மேலே நூலளவாகத் தெரியும் தளர்ச்சி 15 முதல் 20 அங்குலம் கீழேயுள்ள விசிறியில் பெருத்துத் தோன்றும். கைப்பிடி நேராக இருந்தாலும் உந்துவிசை நேராக இராது. படகு இடம் வலமாக அலையும். ஓட்டுபவன் ஒவ்வொரு கணமும் கையால் அதனைத் திருத்திக்கொண்டேயிருக்க வேண்டும். படகு நீர்மேல் எழும்பிச் செல்லும் வேகத்தில் இவ்வலைவு பக்கவாட்டு ஆட்டமாக மாறும். அத்தருணத்தில் பிந்திய ஒரு திருத்தம் ஆட்டத்தைத் தணிப்பதற்குப் பதிலாக வளர்த்துவிடும். விசிறியின் ஓர் இதழ் முருகைக்கல்லில் பட்டு நெளிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அதன் அதிர்வு இயந்திரத்தைப் பிணைக்கும் திருகுகளைத் தளர்த்தி, பிற்பக்கப் பலகைக்குள் நீர் இறங்க வழிசெய்கிறது. கண்ணாடியிழையால் மூடப்பட்ட மரம் உள்ளேயே உக்கும். வெளியே பார்ப்பவனுக்குப் படகு புதிதாகவே தோன்றும். மற்றொரு சிறு பொருளையும் குறிப்பிடவேண்டும். சில இயந்திரங்களில் விசிறிக்கு மேலே துத்தநாகத் துண்டு ஒன்று இருக்கும். உப்பு நீரின் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு ஏனைய உலோகத்தைக் காப்பதோடு, விசிறியின் சுழற்சியால் படகு ஒரு பக்கம் இழுபடுவதைச் சமன்செய்வதும் அதன் வேலை. அது கரைந்துபோனபின் கைப்பிடி எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். பலமணி நேரப் பயணத்தில் அவ்விழுவையைத் தாங்குவது ஓட்டுபவனின் தோள்தான். துண்டின் தேய்வு தசையின் தேய்வாக மாறுகிறது.

மூன்றரைத் தொன் படகில் நிலைமை வேறு. அங்குச் சுக்கான் உண்டு. அங்கு ஆபத்துத் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் இருக்கிறது. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் தண்டு துள்ளும். துள்ளும் தண்டு நீர் புகாமல் அடைத்துள்ள திணிப்பை நெகிழ்த்தும். நீர் சொட்டுச் சொட்டாக உள்ளே வரும். சொட்டுவது இயல்பே, சிறிதளவு சொட்டத்தான் வேண்டும். ஆனால் இரவெல்லாம் வலைக்குக் காவலிருந்து விடியலில் திரும்பும் படகின் அடியில் தேங்கிய நீர், படகு சரியும் பக்கமே ஓடிச் சரிவைக் கூட்டுகிறது. மேலே மீனும் நனைந்த வலையும், கீழே ஓடித்திரியும் நீரும் இருக்க, பக்கவாட்டு அலை ஒன்றே படகைக் கவிழ்க்கப் போதும்.

இவ்விளக்கங்கள் எந்தக் கடலுக்கும் பொருந்துவன. குடாநாட்டுக் கரை அவற்றுக்குத் தனியான கூர்மையை அளிக்கிறது. வடமராட்சிக் கரையை அடுத்துச் சுண்ணக்கற் பாறை நெடுகக் கிடக்கிறது. பாறையை வெட்டியோ இயற்கையாக அமைந்த இடைவெளியை ஆழப்படுத்தியோ ஆக்கிய ஒடுங்கிய வழியை அங்குள்ளோர் 'வான்' என வழங்குவர். படகு கடலுக்குப் போவதும் கரைக்கு வருவதும் அவ்வழியாலேயே. வாடைக்காற்று மூண்ட காலத்தில் அலைகள் படகின் பின்னாலிருந்து எழுந்து வானுக்குள் உடைகின்றன. அவ்வேளை படகு அலையின் வேகத்துக்கு ஈடுகொடுத்து நேராக உள்ளே புகவேண்டும். சில விநாடிகள் உந்துவிசை அறுந்தாலும் படகின் பிற்பக்கத்தை அலை தள்ளும். படகு குறுக்காகத் திரும்பும். இருபுறமும் கல். நாம் மேலே விவரித்த புஷ் வழுக்குவதற்கும் கியர் கழல்வதற்கும் இதனிலும் பொல்லாத இடம் இல்லை. குருநகர், பாசையூர்ப் பக்கத்துக் களப்பில் இவ்வலை இல்லை. ஆனால் அங்கு நீர் ஆழமற்றது. விசிறி சேற்றையும் மணலையும் கிளறும். சாதாழை சுற்றிக்கொள்ளும். தேய்வு மெல்ல மெல்ல நிகழ்கிறது. குடாநாட்டின் களப்பு இயந்திரத்தைத் தேய்க்கிறது, திறந்த கடல் அத்தேய்வைத் தண்டிக்கிறது எனலாம்.

இத்தேய்வு யாருடையது என்பதே மூலவினா. கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் தொகுதியில் இயந்திரங்களைப் பற்றி ஆராயுமிடத்து, பயன்பாட்டால் நேரும் தேய்வையும் பயன்படுத்தாமையால் நேரும் தேய்வையும் வேறுபடுத்துகிறார். மலிவான அல்லது மேம்பட்ட இயந்திரம் சந்தைக்கு வருவதால் பழைய இயந்திரம் மதிப்பிழத்தலை மூன்றாவதாகச் சேர்க்கிறார். இம்மூன்றும் குடாநாட்டுக் கரைகளில் ஒன்றன்பின் ஒன்றாகவும் சில காலம் ஒன்றாகவும் நிகழ்ந்தன. ஆனால் மார்க்ஸ் ஆய்ந்த ஆலையில் தேய்மானம் முதலாளியின் கணக்கில் பண்டத்தின் விலைக்கு மாறுகிறது. நமது கரையில் பங்கு முறை இடையில் நிற்கிறது. எரிபொருளும் ஏனைய செலவும் கழிந்தபின் வருவாய் பங்கிடப்படுகிறது. படகுக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும் பங்குகள் உண்டு. எஞ்சியது தொழிலாளருக்கு. விகிதம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் வேறுபடும். இயந்திரத்துக்கு ஒரு பங்கு என்பது கோட்பாட்டளவில் தேய்மானத்துக்கான ஒதுக்கமே. நடைமுறையில் அது உடைமையாளனின் வருமானம். புதிய புஷ் வாங்குவது அவ்வருமானத்தைக் குறைக்கும். வாங்காமல் இன்னும் ஒரு மாதம் ஓட்டுவது அதனைக் காக்கும். இயந்திரம் தேய்வதற்கான பணம் ஒருவனுக்குச் செல்ல, அது தேய்ந்ததன் விளைவை வானில் மற்றொருவன் உடலால் எதிர்கொள்கிறான்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். குடாநாட்டில் இயந்திர உடைமையாளர் பலர் தாமே கடலுக்குச் செல்லும் சிறு உற்பத்தியாளர்; அவர்களைச் சுரண்டுவோராகக் கொள்வது எங்ஙனம்? மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் அச்சிறு உடைமையாளன் பெரும்பாலும் இயந்திரத்தைக் கடனில் வாங்கியவன். மீனை முற்பணம் தந்த வியாபாரிக்கே விற்கக் கடமைப்பட்டவன். அவனுடைய இயந்திரத்தின் பங்கு அவன் கையினூடாகக் கடன்கொடுத்தவனிடம் போய்ச் சேருகிறது. ஆகவே அவன் தன் உயிரைத் தானே பணயம் வைக்கிறான். வர்க்க உறவு ஒருவனின் உடலுக்குள்ளேயே நிகழ்வதால் அது உறவு அல்லாது போய்விடாது.

1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் இவ்விடத்து நோக்கற்பாலது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் உதிரிப்பாகங்கள் அரிதாயின. பழுதான ஓர் இயந்திரத்தைக் கழற்றி மற்றோர் இயந்திரத்தை உயிர்ப்பிக்கும் வழக்கம் எங்கும் பரவிற்று. அக்காலக் கொள்கை யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளருக்கு வளம் சேர்த்ததென்பது வரலாறு. அதே கொள்கையின் மறுபக்கத்தைக் கடற்கரை அனுபவித்தது என்பதை நமது முற்போக்கு எழுத்தாளர் போதியளவு கவனித்தாரல்லர். ஒரு குடாநாட்டின் உழவனுக்கும் கடற்றொழிலாளிக்கும் ஒரே கொள்கை எதிரெதிரான பயனைத் தந்தது. இந்நெருக்கடியில் கடைசல் பட்டறைகள் வளர்ந்ததையும் சொல்லவேண்டும். பித்தளையில் புஷ் கடைந்தார்கள். நெளிந்த விசிறியை நெருப்பில் காய்ச்சித் தட்டி நேராக்கினார்கள். முறிந்த இதழை ஒட்டினார்கள். பாய்மரக் காலத் தச்சனின் இடத்தை ஓரளவு இப்பட்டறைகள் நிரப்பின எனலாம். ஆயினும், கையால் தட்டி நேராக்கிய விசிறியின் மூன்று இதழ்களும் ஒரே சாய்வில் அமைவது அரிது. சரிசெய்யப்பட்ட விசிறியே அதிர்வுக்குக் காரணமாதலும் உண்டு. 1977க்குப் பின் சந்தை திறந்தது, பாகங்கள் வந்தன, விலையும் வந்தது.

பின் போர். 1980களின் நடுப்பகுதியிலிருந்து கடல்வலயத் தடைகளும், இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் தொழில் செய்யும் நேரத்துக்கும் கரையிலிருந்து செல்லும் தூரத்துக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளும் காலத்துக்குக் காலம் மாறி மாறி நிலவின. 1990 இல் மயிலிட்டியிலிருந்து மக்கள் பெயர்க்கப்பட்டனர். வடக்கின் முதன்மையான மீன்பிடித் துறை 27 ஆண்டுகள் மூடிக்கிடந்தது. மார்க்ஸ் குறித்த இரண்டாவது தேய்வை, பயன்படுத்தாமையின் தேய்வை, இதனிலும் தெளிவாக வேறெங்கும் காணவியலாது. ஓடாத இயந்திரத்தின் உட்குழாய்களில் உப்புப் படிந்தது, பற்சில்லுப் பெட்டியில் நீர் நின்றது, றப்பர் இறுகிற்று. எரிபொருள் தடைக்காலத்தில் சிறிது பெற்றோலால் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினர். தரைவழிகள் மூடப்பட்டபின் 1990களின் முற்பகுதியில் கிளாலிக் களப்பே குடாநாட்டு மக்கள் வன்னிக்குச் செல்லும் வழியாயிற்று. இயந்திரம் பூட்டிய ஒரு படகு பல படகுகளைக் கயிற்றில் பிணைத்து இருளில் இழுத்துச் சென்றது. தனிப் படகொன்றைச் செலுத்த ஆக்கப்பட்ட பற்சில்லும் புஷ்ஷும் அத்தொடர் முழுவதையும் இழுத்தன. நடுக்களப்பில் உந்துவிசை அறுந்த படகு இரைச்சலின்றி, திசையின்றி மிதந்தது. 1993 சனவரி 2ஆம் நாள் அக்களப்பில் கடற்படையினரின் தாக்குதலில் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். அப்பயணம் எத்தகைய ஆபத்தினூடாக நடந்தது என்பதற்கு இதுவே போதிய சான்று.

2009இல் போர் முடிந்தபின் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. மயிலிட்டித் துறை 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. புதிய படகுகள் வந்தன, புதிய கடனும் வந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது, எரிபொருளுக்குப் பின்னரே பங்கு என்ற முறையில் முதலில் பின்தள்ளப்பட்டது பராமரிப்பே ஆகும். எரிபொருள் இன்றிக் கடலுக்குப் போக முடியாது, தேய்ந்த புஷ்ஷோடு போகலாம்.

இலக்கியம் இதனை எவ்வாறு கண்டது என்பதையும் கேட்டாக வேண்டும். மஹாகவியின் 'புதியதொரு வீடு' என்னும் பாநாடகம் கடலில் இறந்தவனாகக் கருதப்பட்ட ஒருவன் மீண்டு வருவதை மையமாகக் கொண்டது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவுக்குப் பருவத் தொழிலுக்கு வரும் மீனவரைப் பற்றியது, 1978இல் திரைப்படமுமாயிற்று. இரண்டும் சிறந்த ஆக்கங்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. இரண்டின் பெயர்களுமே வேறு வேறு வகையில் கடலோர வாழ்வின் நிலையாமையைச் சுட்டுவன. எனினும் நெய்தற்றிணை தொட்டு நம் இலக்கிய மரபு கடற்சாவுக்குக் காற்றையும் அலையையும் விதியையும் காரணமாகக் காட்டிப் பழகிவிட்டது. காற்றைக் குற்றஞ்சாட்டினால் கடன்கொடுத்தவனைக் கேட்கவேண்டியதில்லை. ஊரில் ஒருவன் வானில் படகு கவிழ்ந்து இறந்தால் 'கடல் கொண்டுபோய்விட்டது' என்றே பேசப்படுகிறது. மரண விசாரணை ஏடுகளும் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவுகளும் இந்நோக்கில் இன்னும் படிக்கப்படவில்லை. கரைக்கு ஒதுங்கிய படகின் இயந்திரத்தைக் கழற்றி அதன் புஷ்ஷைப் பார்ப்பவன் அடுத்த சொந்தக்காரனுக்காக அதனைத் திருத்தவரும் இயந்திரத் தொழிலாளியே. காரணத்தைக் கையில் வைத்துப் பார்த்த அவனிடம் யாரும் வாக்குமூலம் கேட்பதில்லை.